பிரசர் மாத்திரைக்கு என்ன பத்தியம்?

கேட்டவர் திருப்பூரில் வேலை பார்க்கிறவர். கவுந்தப்பாடிப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அவருடைய அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதமாக டெல்மிசார்டன் 40, ஆம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலையில் போடுகிறார். சர்க்கரை இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இளநீர் ஆகாது என்றாராம். ஒறம்பரை வந்த அத்தை வாழைப்பழமும் கொள்ளும் கூடாது என்றாராம். வாட்ஸாப்பில் வந்த பட்டியலோ திராட்சையைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து என்கிறதாம். "அப்பா எதையும் நிம்மதியாச் சாப்பிட மாட்டேங்கறாருங்க. எது ஆகும், எது ஆகாது, மாத்திரை சோத்துக்கு முன்னாலயா பின்னாலயா, காபியோட முழுங்கலாமா?" இதுதான் கேள்வி.

உணவுப் பட்டியல் கேட்பது போல இருந்தாலும், உண்மையில் நீங்கள் கேட்பது இந்த மாத்திரைக்குப் பத்தியம் என்ன என்றுதான். மருந்தென்றால் பத்தியம் இருந்தே ஆக வேண்டும் என்பது நம் ஊரில் ஊறிய எண்ணம். நாட்டு வைத்தியர் பொட்டலத்தைக் கொடுக்கும்போதே புளி நீக்கு, நல்லெண்ணெய் நீக்கு என்று சொல்லித்தான் கொடுப்பார். இங்கிலீஷ் மருந்து கொடுக்கிறவர் எதுவும் சொல்லாமல் சீட்டை நீட்டுகிறார். அந்த வெற்றிடத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அத்தையும் வாட்ஸாப்பும் நிரப்புகிறார்கள். அவர்கள் மேல் குறையில்லை, சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததுதான் குறை.

நான் மருந்தாளுநர், மருத்துவர் அல்ல. ஈரோட்டில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் 11 வருடம் இருந்துவிட்டு, இப்போது பவானிப் பக்கம் சொந்தமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அவருடைய ரத்தப் பரிசோதனை என் கையில் இல்லை. அதனால் மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து என்று எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் போடும் மாத்திரை எது என்று பெயரோடு எழுதியிருக்கிறீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஏனென்றால் கடையில் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பிரசர் மாத்திரைங்க, வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்கும்ங்க." மஞ்சப் பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்து நீட்டுவார்கள். நாலு மாத்திரை மிச்சமிருக்கும். பெயர் இருந்த பக்கம் கத்தரிக்கோலோடு போயிருக்கும். அப்படி வெட்டிக் கொடுத்தவன் பல தடவை நான்தான். பத்து நாளைக்குப் போதும் என்று கேட்பவருக்கு வேறு எப்படிக் கொடுப்பது? இப்போதெல்லாம் வெட்டினால் மாத்திரையின் பெயரைக் கவரின் மேல் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பிரசர் மாத்திரை என்பது ஒரு மருந்தல்ல. அந்தப் பெயருக்குள் ஐந்தாறு வகை இருக்கின்றன, ஒவ்வொன்றும் உடம்பின் வெவ்வேறு இடத்தில் வேலை செய்கிறது. ஒன்றுக்குப் பொட்டாசியம் கூடும், இன்னொன்றுக்கு அதே பொட்டாசியம் குறையும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அவருடைய டாக்டர் இளநீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அது சரியாகவே இருக்கலாம், அது அவருடைய மாத்திரைக்கும் அவருடைய கிட்னிக்கும் சொன்னது. அதை உங்கள் அப்பா வாங்கிக்கொள்வது, அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது போலத்தான்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுகிறேன். டெல்மிசார்டன், ஆம்லோடிபின் இரண்டையும் சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம். உணவோடு எடுத்தால் டெல்மிசார்டன் கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்படுகிறது என்பது உண்மை, ஆனால் இந்த அளவு மாத்திரையில் அது கணக்கில் வராது. தினமும் ஒரே நேரத்தில் போடுவதுதான் முக்கியம். காலையா இரவா என்ற சண்டையும் ஓரளவு தீர்ந்துவிட்டது. பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களைக் காலைக் குழு, மாலைக் குழு என்று பிரித்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. எந்த நேரத்தில் மறக்காமல் போடுவாரோ அந்த நேரம்தான் நல்ல நேரம். எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. மெட்டோப்ரோலால், கார்வெடிலால் போடுகிறவர்கள் சாப்பாட்டோடு போட வேண்டும். கேப்டோப்ரில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை என்றால் காலையில், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க எழுந்து நடக்க வேண்டியதுதான். உணவைவிட டெல்மிசார்டனுக்கு ஆகாத ஒன்று இருக்கிறது, காற்றின் ஈரம். இந்த மாத்திரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பத்து மாத்திரையை அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். விழுங்கப் போகும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுத்தால் போதும்.

இப்போது இளநீருக்கு வருகிறேன், இதில்தான் உண்மையும் பயமும் கலந்து கிடக்கின்றன. உடம்பில் ஆஞ்சியோடென்சின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது ரத்தக் குழாயை இறுக்கும். கூடவே கிட்னிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியைத் தட்டி ஆல்டோஸ்டீரோனைச் சுரக்கச் செய்யும். ஆல்டோஸ்டீரோனின் வேலை சோடியத்தை உடம்பிலேயே பிடித்து வைத்து, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளுவது. டெல்மிசார்டன், லோசார்டன் வகையும் ரேமிப்ரில், எனலாப்ரில் வகையும் இந்தச் சங்கிலியை வெட்டுகின்றன. அதனால் பிரசர் இறங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுவதும் கொஞ்சம் குறைகிறது. கிட்னி நன்றாக இருந்தால் அது தானே சமாளித்துக்கொள்ளும். கிட்னி பழுதாகியிருந்தால், நாள்பட்ட சர்க்கரை இருந்தால், இதோடு பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது 6-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடம் மாறலாம்.

இளநீரில் 100 மில்லிக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல பொள்ளாச்சி இளநீர் ஒன்றில் 400 மில்லி தண்ணீர் இருந்தால் 800 முதல் 1,000 மில்லிகிராம் ஆகிவிடும். பெரிய எண் போலத் தெரியும். ஆனால் ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாளைக்கு 3,510 மில்லிகிராமாவது பொட்டாசியம் சாப்பிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பொட்டாசியம் பிரசரைக் கூட்டாது, குறைக்கும். கிட்னி நன்றாக இருக்கும் ஒருவருக்கு இளநீரையும் வாழைப்பழத்தையும் முருங்கைக்கீரையையும் மறுப்பது, பிரசரைக் குறைக்கும் சாப்பாட்டையே பிரசரின் பெயரைச் சொல்லிப் பிடுங்குவது. அது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது.

ஆகவே விடை இளநீரில் இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், கூடவே பொட்டாசியம், இந்த இரண்டு எண்கள் போதும். இந்த வகை மாத்திரை தொடங்கிய 2 முதல் 4 வாரத்துக்குள் இவற்றைப் பார்ப்பது முறை. மூன்று மாதமாகியும் பார்க்கவில்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் வாரத்தில் நாலைந்து நாள் ஓர் இளநீரும் தினம் ஒரு வாழைப்பழமும் அப்பாவுக்குத் தொந்தரவு செய்யாது. சித்திரை வெயிலில் தோட்டத்து மரத்திலிருந்து ஒரே நாளில் நாலு காயை இறக்கிக் குடிப்பதை மட்டும் தவிர்க்கட்டும். எண்கள் சரியில்லை என்றால் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இணையத்தில் எழுதும் நான் அல்ல.

கொள்ளைச் சூடு என்கிறார்கள். சூடு, குளிர்ச்சி என்பது வேறொரு மருத்துவத்தின் கணக்கு, அதை வைத்து நான் வாதாட மாட்டேன். கொள்ளு டெல்மிசார்டனோடோ ஆம்லோடிபினோடோ மோதும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மற்றப் பருப்புகளைப் போல அதிலும் பொட்டாசியம் உண்டு, அவ்வளவுதான். கொள்ளுப் பருப்பும் கொள்ளு ரசமும் அரிசிம்பருப்புச் சோறும் தாராளமாக இருக்கட்டும்.

என்னைப் பயப்பட வைத்த பொட்டாசியம் இளநீரிலிருந்து வந்ததல்ல. நான் மருத்துவமனையில் இருந்தபோது 70 வயதுப் பெரியவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "காலைத் தூக்கவே முடியலீங்க, பாறாங்கல்லுக் கட்டுன மாதிரி இருக்குது" என்றார். சர்க்கரைக்காரர். டெல்மிசார்டனும் ஸ்பைரோனோலாக்டோனும் போட்டுக்கொண்டிருந்தவர். பொட்டாசியம் 6.4. உடனே ஈசிஜி, கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின் என்று ஓடினோம். பிழைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் அவர் வீட்டு அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோதுதான் வெளியே வந்தது. பெங்களூரிலிருந்து பேரன் சோடியம் குறைந்த உப்பு வாங்கி அனுப்பியிருக்கிறான், "அப்பாருக்கு நல்லதாமா" என்று இரண்டு மாதமாகக் குழம்பிலும் மோரிலும் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். சப்பென்று இருப்பதால் எச்சாகவே போட்டிருக்கிறார்கள். அந்த உப்பில் சோடியம் குளோரைடின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பேரன் செய்தது பாசத்தில். பாக்கெட்டின் பின்பக்கம் கிட்னிக்காரர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

இந்த உப்பு மோசம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான கிட்னி நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் நீர் மாத்திரை போடுகிறவர்களையும் அதில் சேர்க்கவில்லை. உங்கள் அப்பா அந்த உப்புக்கு மாறலாமா என்றால், மறுபடியும் அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகு, டாக்டரிடம் சொல்லிவிட்டு.

திராட்சை விஷயம் ஒரு மொழிபெயர்ப்பு விபத்து. ஆங்கிலத்தில் கிரேப்ஃப்ரூட் என்று ஒரு பழம் உண்டு. பெயரில்தான் திராட்சை, பழம் எலுமிச்சைக் குடும்பம். சந்தையில் எப்போதாவது கண்ணில் படும் பம்ப்ளிமாஸ் அதற்குத் தாய்வழி உறவு. அதன் சாறு குடலின் உட்சுவரில் மருந்தை உடைக்கும் ஒரு நொதியை முடக்கிவிடும். உடைந்து போக வேண்டிய மருந்து முழுசாக ரத்தத்தில் சேரும். இது தெரிய வந்ததே தற்செயல். கனடாவில் ஃபெலோடிபின் என்ற பிரசர் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் போனவர்கள், மதுவின் ருசி தெரியாமல் இருக்க அந்தச் சாற்றில் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியது, காரணம் மது அல்ல, சாறு. 1989-ல் அதை வெளியிட்டார்கள். ஃபெலோடிபினுக்கு இது பெரிய விஷயம், நிஃபெடிபினுக்கும் கவனம் வேண்டும். உங்கள் அப்பா போடும் ஆம்லோடிபின் அதே குடும்பம் என்றாலும் இந்த வழியில் அவ்வளவாக உடைபடாது, பாதிப்பு மிகக் குறைவு. அந்தப் பழம் நம் ஊரில் எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது? யாரோ கிரேப்ஃப்ரூட்டைத் திராட்சை என்று எழுதப் போய், தொண்டாமுத்தூர்ப் பன்னீர் திராட்சை கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறது. திராட்சை சாப்பிடட்டும். பம்ப்ளிமாஸ் கிடைத்தால், ஃபெலோடிபின், நிஃபெடிபின் போடுகிறவர்கள் மட்டும் ஒதுங்கிக்கொள்ளட்டும். அட்டெனலால் போடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஆரஞ்சுச் சாறு அந்த மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுச் சாற்றைப் பிறகு ஒரு வேளைக்கு வைத்துக்கொண்டால் சரி.

பெயர் மாறாட்டத்துக்கு இன்னொன்றும் சொல்கிறேன். செம்பருத்தி டீ பிரசரைக் குறைக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆராய்ச்சி நடந்தது புளிச்சைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிவந்த, புளித்த புல்லி இதழில். நம் வாசலில் சாமிக்குப் பறிக்கும் செம்பருத்தி அதற்குப் பங்காளிதான், அதுவே அல்ல.

யாரும் பயப்படாத, ஆனால் நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒன்று அதிமதுரம். கொடுமுடிப் பக்கமிருந்து என் கடைக்கு வரும் ஓர் அம்மாவுக்கு எனலாப்ரில் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தொண்டைக்குழியில் இறகு வைத்தது போல ராத்திரியில் கிச்சுக்கிச்சு மூட்டும். தயிரால் என்றார்கள், நிறுத்தினார். வாழைப்பழத்தால் என்றார்கள், நிறுத்தினார். டி.பி. சந்தேகத்தில் படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. என்னிடம் இருமல் டானிக் வாங்கினார், இரண்டு தடவை நானும் கேள்வி கேட்காமல் கொடுத்தேன். பிறகு நாட்டு மருந்துக்கடையில் அதிமதுரம் வாங்கி இடித்து, காலையும் பொழுதோடும் ஒவ்வொரு டம்ளர் கசாயம் வைத்துக் குடிக்க ஆரம்பித்தார். தொண்டைக்கு இதமாக இருந்ததாம். ஆறு வாரத்தில் 130-க்கு 80 இருந்த பிரசர் 170-க்கு 100 ஆனது. மாத்திரையை இரட்டிப்பாக்கினார்கள். இருமல் இன்னும் கூடியது, கசாயமும் கூடியது.

மூன்றாவது டானிக்குக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "ஆத்தா, இந்த மாத்திரை போட ஆரம்பிச்ச பொறவுதான் இருமலா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாஞ் சாமி, நீ கேக்கவும்தான் நெனப்பு வருது" என்றார். எனலாப்ரில், ரேமிப்ரில் வகை மாத்திரைகள் வறட்டு இருமலைக் கொண்டு வரும், சுமார் பத்துப் பேரில் ஒருவருக்கு. தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் அதில் பங்கில்லை. அதிமதுரத்தின் இனிப்புப் பொருளான கிளிசிரைசின், கிட்னியில் ஒரு நொதியைத் தடுத்து, ஆல்டோஸ்டீரோன் எச்சாகச் சுரந்தது போன்ற நிலையை உண்டாக்கும். சோடியம் தேங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரசர் ஏறும். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, கசாயம் மறுபக்கம் இழுத்திருக்கிறது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மாத்திரையை லோசார்டனுக்கு மாற்றினார், கசாயத்தை நிறுத்தச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் இருமலும் போயிற்று, பிரசரும் இறங்கியது. முதல் டானிக்குக்கே நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் தொண்டைக்கு அதிமதுரம் மெல்வதால் ஒன்றும் ஆகாது. வாரக்கணக்கில் தினமும் குடிப்பதுதான் சிக்கல். உங்கள் அப்பா போடும் டெல்மிசார்டனுக்கு இந்த இருமல் அரிது. ஆனால் ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். அப்படி வீங்கினால் இளநீர் மேலும் சோற்றின் மேலும் பழி போடாமல் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

நாட்டு மருந்தெல்லாம் வெறும் இலை தழை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பிரசருக்கு உலகமே பயன்படுத்திய ரெசர்பின் என்ற மருந்து நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு மூன்று வருடம் முன்பே பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அந்த வேரைப் பிரசர்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிவிட்டார். வேரில் வீரியம் இருக்கிறது என்பதால்தான் சொல்கிறேன்: அட்டெனலால் போடுகிறவர் டாக்டரிடம் சொல்லாமல் சர்ப்பகந்தாச் சூரணமும் சாப்பிட்டால் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி இறங்கலாம். எந்தச் சூரணமானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை.

சந்தேகமான இடங்களுக்கு வருகிறேன். மிளகில் இருக்கும் பைப்பரின், ப்ரோப்ரனலால் என்ற பிரசர் மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டுகிறது என்று 1991-ல் வெளியான சின்ன ஆய்வு ஒன்று உண்டு. கொடுத்தது நாளைக்கு 20 மில்லிகிராம் பைப்பரின், அரை கிராம் மிளகிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். மிளகு போட்ட செலவு ரசம் குடிக்கும் ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் திக்கென்றது. மஞ்சளின் குர்குமின் லோசார்டன் அளவைக் கூட்டுவதாக எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஈரோட்டுக்காரனுக்கு இது இன்னும் கசக்கும். ஆனால் ஆறேழு பேரிலும் எலியிலும் பார்த்ததை வைத்து யாருடைய ரசத்தையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். டாக்டர் மாத்திரையின் அளவை முடிவு செய்தபோதே உங்கள் அப்பா மிளகும் மஞ்சளும் சாப்பிடுகிறவர். அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் பிரசரைப் பார்த்து அளவு வைத்திருக்கிறார். தினசரிச் சமையல் அந்தக் கணக்குக்குள் அடக்கம். வழக்கத்தை மீறித் திடீரென்று எதையாவது கொட்டுவதுதான் கணக்கைக் கெடுக்கும். குர்குமின் கேப்ஸ்யூல், பூண்டு கேப்ஸ்யூல், தினம் ஒரு லோட்டா முருங்கைச் சாறு, ஆன்லைனில் வாங்கும் பொடி, இவையெல்லாம் அந்தக் கணக்கில் சேராதவை.

திடீர் மாற்றத்தில் விரதமும் பாதயாத்திரையும் சேரும். தைப்பூசத்துக்குக் காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களில் பிரசர்காரர்கள் நிறையப் பேர். ஒரு வேளைச் சாப்பாடு, வெயிலில் வேர்வை, அதோடு நீர் மாத்திரை. தலை சுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். புறப்படும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வாந்தி, பேதி என்று படுத்தாலும் அப்படியே. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது டெல்மிசார்டன் வகையும் நீர் மாத்திரையும் கிட்னியைச் சிரமப்படுத்தும், சில நாள் நிறுத்தி வைப்பதா என்று அன்றைக்கே ஃபோனில் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று கடையில் தானாக வாங்கிப் போடுவது பிரசரை ஏற்றும், டெல்மிசார்டனோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் கிட்னியையே சாய்க்கும். நீங்கள் பட்டியலிட்ட எல்லா உணவையும்விட என் கண்ணால் அதிகக் கேடு பார்த்தது இதில்தான்.

பத்தியம் என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் அது உப்பு. உப்பு மாத்திரையோடு நேரடியாக மோதுவதில்லை, மாத்திரை இறக்கி வைப்பதை மறுபடி தூக்கி வைக்கிறது. அதிலும் டெல்மிசார்டன் வகை, உப்பைக் குறைத்தவர்களிடம் இன்னும் நன்றாக வேலை செய்யும். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வீட்டில் தராசு வேண்டாம். உப்புப் பாக்கெட் பிரிக்கும் அன்று காலண்டரில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், உப்புக்கண்டம், பேக்கரி மிக்சர் இதற்கு வெளியே. இந்துப்புக்கு மாறிவிட்டோம், அதனால் கவலையில்லை என்பார்கள் சிலர். இந்துப்பும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. வயிறு உப்புசத்துக்குத் தண்ணீரில் பொங்க விட்டுக் குடிக்கும் பவுடரிலும் சோடியம்தான் இருக்கிறது. உப்பைக் குறைத்த முதல் இரண்டு மூன்று வாரம் சாப்பாடு சப்பென்று இருக்கும், பிறகு நாக்கு பழகிவிடும். புளியும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் கை கொடுக்கும்.

காபியை மறக்கவில்லை. மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் இந்த இரண்டு மருந்துக்கும் ஒன்றும் ஆகாது, பாலாலும் பாதகமில்லை. தண்ணீர் நல்லது என்பது மாத்திரை தொண்டையில் ஒட்டாமல் இறங்குவதற்காகத்தான். ஆனால் பிரசர் பார்க்கப் போகும் அன்று, பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல் பேக்கரியில் ஒரு டபுள் ஸ்ட்ராங் குடித்துவிட்டு நேராகப் போய்க் கையை நீட்டினால், அன்றைக்கு மெஷின் காட்டும் எண்ணில் காபிக்கும் பங்கிருக்கும்.